ஆங்கிலத்தில் பாடியிருந்தால் பரோன் ரோஹோ எங்கேயோ போயிருக்குமா?

ஸ்பெயினின் ஹெவி மெட்டல் குழு பரோன் ரோஹோ. அதன் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர், "இங்கிலீஷ்ல பாடியிருந்தா எங்கேயோ போயிருப்பாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். பாடினார்கள் ஐயா, 1982-லேயே பாடிப் பார்த்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

புதியவர்களுக்கு மட்டும்: அர்மாந்தோ, கார்லோஸ் தே காஸ்த்ரோ என்ற சகோதரர்கள் 'கோஸ்' குழுவிலிருந்து வெளியே வந்து 1980-ல் மாட்ரிட்டில் தொடங்கிய குழு இது. இருவருமே கிட்டார். பேஸ் 'ஷெர்ப்பா' என்கிற ஹோசே லூயிஸ் காம்புசானோ, டிரம்ஸ் உருகுவேக்காரர் எர்மெஸ் கலாப்ரியா. பாட்டை ஷெர்ப்பாவும் கார்லோஸும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1981-ல் முதல் ஆல்பம். அடுத்த வருடமே லண்டனில், டீப் பர்ப்பிள் குழுப் பாடகராகப் புகழ்பெற்ற இயன் கில்லனின் கிங்ஸ்வே ஸ்டுடியோவில் 'பொலூமென் புருத்தால்'. அந்தப் பாட்டுகளுக்கு ஆங்கிலப் பதிப்பும் வந்தது. வரிகளை ஆங்கிலப்படுத்தக் கைகொடுத்தவர் இங்கிலாந்தின் மெட்டல் குழு அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன். அதே வருடம் இங்கிலாந்தின் பெரிய ராக் விழாவான ரெடிங் மேடையும் ஏறினார்கள். இதைவிடப் பெரிய சிபாரிசு எவனுக்குக் கிடைக்கும்?

அப்படியும் ஆங்கிலப் பதிப்பு சப்பென்று இருக்கிறது. காரணம் அசைக் கணக்கு. அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டுத் தலைப்பை எடுங்கள்: 'லோஸ் ரொக்கேரோஸ் வான் அல் இன்ஃபியேர்னோ', அதாவது ராக்கர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள். எண்ணுங்கள்: லோஸ்-ரொ-கே-ரோஸ்-வான்-அல்-இன்-ஃபியேர்-னோ. ஒன்பது. ஆங்கிலத்தில் 'ராக்கர்ஸ் கோ டு ஹெல்', ஐந்தே ஐந்து. ஒன்பது அசைக்குப் போட்ட மெட்டில் மிச்ச நாலை இழுத்தோ, ஒட்டுச்சொல் செருகியோதான் நிரப்ப முடியும். ஸ்பானியத்தில் 'ஃபியேர்'-இல் ஓங்கி அடித்து 'னோ'வில் வாய் திறந்தபடி இறங்கலாம். ஆயிரம் பேர் சேர்ந்து கத்தத் தோதான முடிவு. 'ஹெல்' என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சத்தத்தை அடைத்துவிடுகிறது.

வரிகளும் மொழிபெயர்ப்புக்கு லேசில் மசிகிறவை அல்ல. பல பாட்டுகளை எழுதியவர் ஷெர்ப்பாவின் மனைவி கரோலினா கோர்த்தேஸ். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் கிட்டார் சோலோவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அவரை ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம். 1985 ஆல்பத்தின் பெயர் 'என் உன் லுகார் தே லா மார்ச்சா'. தோன் கிஹோத்தே (டான் குயிக்சாட்) நாவலின் தொடக்கத்தில் வரும் 'லா மாஞ்சா' என்ற வட்டாரப் பெயரை ஒரே எழுத்து மாற்றி 'மார்ச்சா' ஆக்கியிருக்கிறார்கள். மார்ச்சா என்றால் அன்றைய மாட்ரிட் பேச்சில் இரவுக் கொண்டாட்டம். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

கேட்கப் போகிறவர்கள் 1984-ன் இரட்டை லைவ் ஆல்பம் 'பரோன் அல் ரோஹோ விவோ'விலிருந்து தொடங்குங்கள். ஸ்டுடியோவில் கொஞ்சம் ஒல்லியாகக் கேட்கும் கிட்டார்கள் இதில்தான் சதை பிடிக்கின்றன. கூட்டமும் மூன்றாவது பாடகராகச் சேர்ந்துகொள்கிறது. பிறகு 'பொலூமென் புருத்தால்'. வாங்கும்போது பாட்டுப் பட்டியலைப் பாருங்கள், 'ஹெல்' என்று இருந்தால் அது ஆங்கிலப் பதிப்பு. 'பொலூமென் புருத்தால்' ஆல்பத்தில் உள்ள 'ரெசிஸ்திரே' பாட்டைத் தனியாகத் தேடினால் 2020 கொரோனா ஊரடங்கில் ஸ்பெயினே பால்கனியில் நின்று பாடிய 'ரெசிஸ்திரே' வந்து விழும். அது தூவோ தினாமிக்கோவின் பாட்டு; தலைப்பு மட்டும்தான் ஒன்று. மூன்றாவதாக 1983-ன் 'மெத்தால்மோர்ஃபோசிஸ்'. ஷெர்ப்பாவின் குரலுக்கு 'சியெம்ப்ரே எஸ்தாஸ் அயீ' ஒன்று போதும்.

எண்பதுகளின் முடிவில் ஷெர்ப்பாவும் எர்மெஸும் விலகினார்கள். சகோதரர்கள் நிறுத்தவில்லை, கார்லோஸ் முழுநேரப் பாடகரானார். விரல்கள் அதே விரல்கள்தான். ஆனால் உருகுகிற பாட்டுகளில் ஷெர்ப்பா இல்லாத பள்ளம் தெரிகிறது. இடையில் பழைய நால்வரும் சேர்ந்து மேடையேறியது தனிக்கதை.

2012-ல் சகோதரர்கள் செய்த வேலைதான் வேடிக்கை. இங்கிலாந்தின் தி ஹூ குழு ஒரே கதையைப் பாட்டுகளாகச் சொன்ன ராக் ஆப்பரா 'டாமி'யை எடுத்து, முழுசாக ஸ்பானியத்தில் பாடி வெளியிட்டார்கள்.