கையுறை இல்லாத சிலை

பேஸ்பால் பைத்தியங்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பழைய செகண்ட் பேஸ்மேன் (இரண்டாம் பேஸைக் காக்கும் தடுப்பாட்டக்காரர்) பில் மசெரோஸ்கியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உடனே ஒருவர் கணக்கோடு வருவார். "வாழ்நாள் பேட்டிங் சராசரி .260. 17 சீசன் ஆடி 138 ஹோம் ரன். இவரையெல்லாம் எப்படி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்?" (.260 என்றால் நூறு வாய்ப்பில் 26 வெற்றிகரமான அடி. ஹோம் ரன் நம் சிக்ஸர் மாதிரி. ஹால் ஆஃப் ஃபேம், பேஸ்பால் மேதைகளுக்கான கௌரவப் பட்டியல்.)

கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். செகண்ட் பேஸ்மேன் என்றாலே 1924-ல் .424 அடித்த ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, 1975, 1976 இரண்டு ஆண்டும் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிய ஜோ மார்கன் என்று பட்டியல் போடுகிறோம். சரி, பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஆனால் பட்டியல் பெரும்பாலும் மட்டையை வைத்துப் போட்டது. அந்த இடத்தில் நிற்பவரின் வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

முதல் பேஸில் ஒரு ரன்னர். பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) போகிறது. செகண்ட் பேஸ்மேன் ஓடிவந்து, இரண்டாம் பேஸை மிதித்தபடி அவர் எறிவதை வாங்கி, உடம்பைத் திருப்பி, 27 மீட்டர் தள்ளியிருக்கும் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ரன்னரும் பந்தை அடித்தவரும் சேர்ந்து அவுட். இதுதான் டபுள் பிளே. கண் பந்து வரும் பக்கம். ரன்னரோ மறுபக்கத்திலிருந்து காலை வாரிவிடுகிற வேகத்தில் சறுக்கி வருகிறார். இதே வேலையை ஷார்ட்ஸ்டாப் செய்தால் ரன்னர் கண்ணெதிரே தெரிவார். இவருக்கு அந்த வசதி கிடையாது. ஆளைக் குறிவைத்துச் சறுக்குவதற்கு எதிரான விதி இறுகியதே 2016-ல்தான்.

மசெரோஸ்கி இதை 1956 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகவே செய்தார். பந்து அவர் கையுறையில் தங்கியதா, பட்டுத் தெறித்ததா என்றே தெரியாதாம். அதனால் 'நோ ஹேண்ட்ஸ்' என்று பட்டப்பெயர். 1,706 டபுள் பிளே, அதில் 161 மட்டும் 1966 என்ற ஒரே சீசனில். செகண்ட் பேஸ்மேன்களில் இரண்டும் இன்றும் சாதனை. (நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிரிக்கெட்டில் ஷார்ட் லெக்கில் உயிரைக் கொடுத்து நின்ற ஏக்நாத் சோல்கரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?)

இதில் வேடிக்கை என்னவென்றால், மசெரோஸ்கி பெயர் நிலைத்தது மட்டையால். 1960 அக்டோபர் 13, பைரேட்ஸின் மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். 9-9 என்று சமனில் நிற்கும்போது கடைசி இன்னிங்ஸில் ரால்ஃப் டெர்ரியின் பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். ஒரு ஹோம் ரன்னோடு உலகத் தொடர் முடிந்தது அதுவே முதல்முறை. ஆனாலும் தொடரின் எம்விபி அவர் இல்லை! தோற்ற அணியின் செகண்ட் பேஸ்மேன் பாபி ரிச்சர்ட்சன்.

அந்த ஆட்டத்தில் என்னை விடாமல் பிடித்திருப்பது எட்டாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 7-4 என முன்னிலை. முதல் பேஸில் ரன்னர். பைரேட்ஸின் பில் விர்டன் அடித்த பந்து தரையோடு நேராக யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டோனி கியூபெக்கை நோக்கி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு டபுள் பிளே எடுக்கலாம். பந்து எதிலோ பட்டு எகிறி அவர் தொண்டையில் அடித்தது. ரிச்சர்ட்சனுக்கு வர வேண்டிய எறி வரவே இல்லை. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் எடுத்தது ஐந்து ரன். வராமல் போன ஒரு டபுள் பிளேயின் விலை அது. அதையே 1,706 முறை முடித்துக் கொடுத்தவரைப் பார்த்து, சராசரி என்ன என்று கேட்கிறார்கள்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கான பத்திரிகையாளர்கள் வாக்கில் மசெரோஸ்கிக்குப் பாதிகூடக் கிடைத்ததில்லை. 2001-ல், விடுபட்ட பழைய ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் மூத்தோர் குழுதான் அவரை உள்ளே சேர்த்தது. தடுப்பாட்டத்துக்கும் இங்கே இடம் உண்டு என்று மேடையில் சொன்னார். அப்புறம் அழுகை வந்துவிட்டது. எழுதி வந்ததைப் படிக்காமலேயே உட்கார்ந்துவிட்டார்.

2010-ல் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஹோம் ரன் அடித்துவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்து ஓடுகிற சிலை. என்னைக் கேட்டிருந்தால், இரண்டாம் பேஸை மிதித்துத் திரும்புகிற மாதிரி வைக்கச் சொல்லியிருப்பேன்.