எங்க தெரு எங்க?

காலாண்டுத் தேர்வு முடியப் போகிறது என்றாலே எனக்கு இன்னமும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் ஞாபகம் வந்துவிடும். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தபோது ஒன்பது வருடம் திட்ட அலுவலர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவினர் கேட்டார்: "பிளஸ் ஒன் படிக்கிற பையனை ஏழு நாள் கூட்டிட்டுப் போய் குப்பை அள்ள விடணுமா மாமா? அந்த நேரத்துல நீட்டுக்கு ரெண்டு பாடம் முடிச்சிருவானே?"

கோபப்பட இதில் எதுவும் இல்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து வருகிற பயம் அது. பந்தியில் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

குப்பை அள்ளுவதோடு முகாம் முடிந்துவிடும் என்றால் அவர் கேட்டது சரிதான். நானே முதல் மூன்று வருடம் அப்படித்தான் நடத்தினேன். கோயில் வளாகத்தைக் கூட்டுவோம், சீமைக்கருவேலம் வெட்டுவோம், மரக்கன்று நடுவோம், பேனருக்கு முன்னால் நின்று படம் எடுப்போம், நிறைவு விழாவில் சால்வை போடுவார்கள், பஸ் ஏறிவிடுவோம். மூன்றாவது வருடம், திண்ணையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் மாணவியிடம் சொன்னார்: "பாவம், இந்த வெயில்ல கெடந்து கூட்டுறீங்க. நீங்க போன மறுநாளே திரும்பக் குப்பையாத்தான் கெடக்கும் கண்ணு." அந்தப் பிள்ளை நேராக என்னிடம் வந்து, "அப்புறம் எதுக்கு சார் கூட்டுறோம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தவனுக்குத் தூக்கமும் வரவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 1985-இல் மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இதன் வேர் இன்னும் பழையது. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கையால் செய்கிற வேலையின் வழியாகவே பாடம் வர வேண்டும் என்றார். நாம் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டோம். ஏழு நாள் முகாமை இரண்டே நாளில் முடித்துவிட்டு, பேனரில் தேதியை மாற்றி மாற்றிப் படம் எடுத்த ஒரு பள்ளியை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் அதில் கற்றது பொய்க் கணக்கு எழுதுவதைத்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான்காவது வருடம் முதல் நாள் துடைப்பத்தை எடுக்கவே விடவில்லை. சாயங்காலம் தொடக்கப்பள்ளி முற்றத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு பை கோலப்பொடியைக் கொடுத்து, "இன்னைக்குச் சுத்திப் பார்த்த ஊரைத் தரையில் வரைங்க" என்றேன். இருபத்தைந்து பேரும் குனிந்து நிமிர்ந்து வரைந்தார்கள். கண்மாய், அம்மன் கோயில், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, பால் சொசைட்டி, ஊர்த்தெரு, மேலத்தெரு, பஸ் நிற்கிற புளியமரம்கூட வந்துவிட்டது. அழகாகவும் இருந்தது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஊர்ப்பிள்ளைகளில் ஒரு சிறுமி, ஆறேழு வயதிருக்கும், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்க தெரு எங்க?"

யாரும் பேசவில்லை. கண்மாய்க்கரைக்குக் கீழே இருந்த காலனியை ஒருவர்கூட வரையவில்லை. பகலில் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதே மாதிரித் தெருக்களிலிருந்து வந்த என் மாணவர்களும் அதைப் போடவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஒருத்தி எழுந்து போய்ப் பொடியை அந்தச் சிறுமி கையில் கொடுத்தாள். அவள் நாலைந்து கட்டம் போட்டு, ஒரு வேப்பமரம் போட்டு, கடைசியில் ஒரு குழாயையும் போட்டாள்.

மறுநாள் காலை அங்கிருந்துதான் கணக்கெடுப்பைத் தொடங்கினோம். குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன, ஆள் யாரும் இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்றால் பதினோரு மணிக்கு மேல் என்றார்கள். பெரியவர்கள் அதற்குள் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விடுவார்கள். "அப்ப பள்ளிக்கூட நாள்ல யாரு பாட்டி தண்ணி புடிப்பா?" என்று என் மாணவன் கேட்டான். "பேத்திதான். எட்டாவது படிக்கிறா. எனக்குக் குடம் தூக்க முடியலைல்ல" என்றார் அவர். மற்ற தெருக்களுக்கோ எட்டு மணிக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. டேங்க் ஆபரேட்டர் சோம்பேறி, அவர் மேல் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்தோம். 'ஆளுக்கு ஒன்று பார்த்ததைச் சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும், அறிவுரை யாரும் சொல்லக் கூடாது' என்பதுதான் விதி. எனக்கும் சேர்த்துத்தான். ஒரு பையன் கேட்டான்: "அந்த அண்ணன் காலைல என்னதான் சார் செய்றாரு?" சரி, போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் சைக்கிள் கேரியரில் ஏறிப் போனவன் மத்தியானம் வந்தான். ஒரே ஆள், மூன்று மோட்டார். ஒன்றை நிறுத்தி வால்வைத் திருகிவிட்டு அடுத்ததற்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். 5.20 ஊர்த்தெரு, 7.45 மேலத்தெரு, 11.05 காலனி என்று நோட்டில் எழுதி வந்திருந்தான். "அவரு பாவம் சார், உட்காரவே இல்லை" என்றான். அடுத்து இன்னொரு பிள்ளை கேட்டாள்: "சரி, ஏன் எப்பவும் அதே வரிசை?" அவரிடமே போய்க் கேட்டார்கள். "எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் விட்டாரு" என்றாராம். அதற்கு மேல் அன்று ராத்திரி எங்கள் வட்டத்தில் நடந்த பேச்சை எந்தப் பாடப்புத்தகத்தாலும் நடத்தியிருக்க முடியாது. முதல் நாள் தாங்கள் வரையாமல் விட்ட தெருவும், கடைசியாகத் தண்ணீர் போகிற தெருவும் ஒன்றுதான் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

முகாம் முடிகிற நாள் அக்டோபர் 2, கிராமசபை நாள். நேரம் எழுதிய தாளை என் மாணவி படிக்கப் போனாள். காலனியைச் சேர்ந்த ஒரு அக்கா, "குடு தாயி, நானே சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தெருவாக வரிசையை மாற்றுவது என்று முடிவானது. மூன்று மாதம் அது நடந்தது. பிறகு ஒரு மோட்டார் பழுதாகி, சரிசெய்து வந்தபோது பழைய வரிசையே திரும்பிவிட்டது. அடுத்த வருடம் நாங்கள் போனபோது அந்த அக்காவே மறுபடி மனு எழுதி வைத்திருந்தார். ஊரையே மாற்றினோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினாறு வயதில் ஒரு ஊரின் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே ஏன் நிற்கிறது என்று பார்த்த பிள்ளை, நாளைக்கு டாக்டராகவோ தாசில்தாராகவோ உட்காரும்போது எதிரில் நிற்பவரிடம் வேறு மாதிரிக் கேள்வி கேட்கும். கல்யாண வீட்டில் அந்த உறவினரிடம் சொல்ல நினைத்தது இதைத்தான்.

வெளிநாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப்பணி கட்டாயம். அங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதற்காகப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். மணியை எண்ணுவது எளிது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 1992-இல் 75 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியபோது, வேலைக்கு முன் தயாராவதையும் வேலைக்குப் பின் அசைபோடுவதையும் அதன் பகுதியாக்கியது. எனக்கு இது பிடித்திருக்கிறது. நம் 120 மணியிலும் 'உட்கார்ந்து பேசும் நேரம்' என்று எழுத்தில் போட்டு ஒதுக்கினால், பேனர் படத்தோடு முகாம் முடிந்துவிடாது. இதற்குக் கூடுதல் பணம்கூட வேண்டாம். தலைமையாசிரியர்கள் மனது வைத்து, முகாம் நாட்களில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு வைக்காமல் இருந்தால் போதும்.

இந்த வருடம் முகாம் கூட்டிப் போகிற ஆசிரியர்களுக்கு ஒன்று. மண்வெட்டி, அண்டா, முதலுதவிப் பெட்டியோடு ஒரு கிலோ கோலப்பொடியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலமே ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க வருகிற சின்னப் பிள்ளைகளை மட்டும் விரட்டிவிடாதீர்கள்.