செயின் பப் என்று ஒதுக்க வேண்டாம்

செயின் பப்களில் (ஒரே நிறுவனம் பல இடங்களில் நடத்தும் மதுக்கூடங்களில்) நல்ல ரியல் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பாரம்பரிய பியர், கிடைக்காது என்று பப்களைப் பற்றிய ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

எடின்பரோ ஜார்ஜ் வீதியில் இருக்கும் 'ஸ்டாண்டிங் ஆர்டர்' வெதர்ஸ்பூன் என்ற செயின் பப் நிறுவனத்தின் கிளைதான். ஒரு காலத்தில் அது வங்கி. பழைய பெட்டக அறை இன்னும் உள்ளே இருக்கிறது. போன வாரம் மழைக்கு ஒதுங்கினேன். பீப்பாயிலிருந்து ஏலை இழுத்து ஊற்றும் கைப்பம்புகள் வரிசையாக. ஒன்றில் மட்டும் பெயர் அட்டையைத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் யோசித்து நிற்பதைப் பார்த்த பணிப்பெண், சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றி ருசி பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) வாங்கினேன். பளிச்சென்ற தெளிவு, பல் கூசாத குளிர்ச்சி, வறுத்த தானிய வாசனை.

இந்த ஏல் பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிப்பது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும். நிலவறையில் 12 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, திறந்தபின் மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். தாமதித்தால் சுவை கெட்டுவிடும். அதனால் ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும் கடைதான் இதற்குத் தோது. பேர்பெற்ற பழைய பப் ஒன்றில் (பெயர் வேண்டாம்) வினிகர் மாதிரி புளித்த பைன்டுக்கு ஸ்டாண்டிங் ஆர்டரில் கொடுத்ததைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன்.

மதியம் மூன்று மணி வாக்கில் போய்ப் பாருங்கள். பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் இன்று எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.