கோச் சார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை

மேடையில் உத்வேக உரை நிகழ்த்துகிற ‘கோச்’ சார் ஒருவர், பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பையனுக்கு நேரலையில் அறிவுரை சொன்னாரே, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள், கோச் சாரும் "நான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள்" என்று விளக்கம் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பையன் கேட்டதும் இவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலும் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "ராத்திரியில் படபடப்பு, மூச்சு முட்டுது சார், டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், தொடரலாமா?" என்கிறான் அவன். "மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு தம்பி, உன் மனசுக்கு நீதான் டாக்டர்" என்கிறார் இவர். என்ன மாத்திரை, எவ்வளவு டோஸ், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய், ஒரு கேள்வி உண்டா?

சரி, திரித்ததாகவே இருக்கட்டும். பதற்றத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பென்சோடயசெபைன் என்று ஒரு வகை உண்டு. மாதக்கணக்கில் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ என்கிற இன்னொரு வகை அந்த அளவுக்குப் போகாது என்றாலும் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, போன பதற்றமே திரும்பி வந்த மாதிரி ஓர் ஆட்டம். அதனால்தான் எழுதிக் கொடுத்தவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். இதெல்லாம் ஒரு பேச்சாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது தம்பி, உன் டாக்டரைக் கேள்" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தன்னால் எது முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆளிடம் போங்கள். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "எந்தக் கட்டத்தில் என்னை வேறு ஒருத்தரிடம் அனுப்புவீர்கள்?" ஒழுங்கான பதில் வந்தால் உட்காருங்கள். "அதுக்கெல்லாம் அவசியமே வராது" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

யார் என்ன செய்வார்கள் என்பதில் இவ்வளவு குழப்பம் ஏன் என்றே எனக்குப் புரியவில்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு அதற்கு மேல் மனநலம் படித்தவர், நோயைக் கண்டுபிடிப்பார், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மதிப்பீடு செய்வார், தெரபி கொடுப்பார், பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். வேலை போனது, உறவு முறிந்தது, முடிவெடுக்க முடியவில்லை என்கிற மாதிரி விஷயங்களுக்கு நல்ல கவுன்சலர் போதும். ஆனால் மாதக்கணக்கில் பெரும்பாலான நாள்கள் கவலை விடாமல் அரிக்கிறது, தூக்கமில்லை, வெளியே போகவே பயம் என்றால் முதல் இரண்டு பேரில் ஒருவரைப் பாருங்கள். யாரென்றே தெரியவில்லையா, வழக்கமாகப் பார்க்கிற பொது மருத்துவரிடமே போங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே கைநடுக்கம், இதே வியர்வை வரும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும், உத்வேக உரை உதவாது. அப்புறம் கோச். அந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தப் படபடப்பு வந்தபோது ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை, ரிலாக்ஸா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரிலாக்ஸாக இருக்கத் தெரிந்தால் நான் ஏன் அர்த்தராத்திரியில் அங்கே போய் நிற்கிறேன்? பிறகு ஒரு கவுன்சலரிடம் போனேன். அருமையான மனுஷி. நான் அழுவேன், கேட்பார், மனசு லேசாகும், மறுநாள் லிஃப்ட் கதவு திறந்தால் கால் உள்ளே போகாது. ஒருநாள் அவரே சொன்னார், "இது பேனிக், திடீர்னு வந்து ஆட்டிவைக்கிற பயம், இதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க, நான் உங்களை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது." இன்றைக்கும் நான் அதிகம் மதிப்பது அவரைத்தான்.

அவர் அனுப்பிய சைக்காலஜிஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? ஒல்லியான ஸ்ட்ரா ஒன்றைக் கையில் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாகவே மூச்சு விடச் சொன்னார். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றச் சொன்னார். தலை கிறுகிறுத்து, நெஞ்சு அடித்து, நான் எதற்குச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேனோ அது அத்தனையும் அந்த அறையிலேயே வந்தது. "இப்ப செத்துட்டீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. பேனிக் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும், உடம்பு அதைத் தாங்கும் என்று அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. நினைப்பையும் நடத்தையையும் மாற்றிப் பழக்குகிற சிபிடி என்கிற சிகிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முறை இது. 1960களில் ஆரன் பெக் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக ஆரம்பித்தது, பின்னால் பதற்றத்துக்கும் விரிந்தது, சோதித்துப் பார்க்கப்பட்டது. தகுந்த ஆள் பக்கத்தில் இருந்து செய்யவேண்டியது. இதைப் படித்துவிட்டு வீட்டில் ஸ்ட்ராவைத் தேடாதீர்கள்.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும். "டாக்டர்கள் மட்டும் ஒழுங்கா, அஞ்சு நிமிஷத்தில் சீட்டு எழுதி அனுப்பறாங்க." ஆமாம், அப்படியும் இருக்கிறார்கள். எஸ்எஸ்ஆர்ஐ பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும், ஆரம்ப நாள்களில் படபடப்பு கொஞ்சம் கூடக்கூட செய்யலாம். இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பவரை மாற்றுங்கள். அதற்காகக் கோச்சிடம் போவேன் என்பது, ஒரு பல் டாக்டர் சரியில்லை என்று பல்வலியோடு கண் டாக்டரிடம் போவது மாதிரி. "எனக்குத் தியானத்திலேயே சரியாகிவிட்டது." சந்தோஷம். "எல்லாருக்கும் வசதி இருக்கா?" இல்லை, அது நிஜமான பிரச்சினை, அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் கோச் சாரின் முகாம் மட்டும் தர்மத்துக்கா நடக்கிறது? "நீ மருந்து கம்பெனி ஆளா?" போன தடவையே கேட்டுவிட்டீர்கள்.

காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது பார்க்க வராத சொந்தம் இல்லை. யாரும் "மனசைத் திடமா வெச்சுக்கோ, எலும்பு தானா ஒட்டிக்கும்" என்று சொல்லவில்லை. இதற்கு மட்டும் "உனக்கென்ன குறை", "வேலையில்லாத மூளை", "வெளியே சொல்லாதே". சொல்லாமல் இருந்து இருந்துதான் ஒவ்வொருவரும் மேடையில் கத்துகிறவர்கள் கையில் போய்ச் சிக்குகிறோம். அங்கேயாவது யாராவது நம்மைப் பார்த்துப் பேசுகிறார்களே என்றிருக்கிறது. கோச்சின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி, நியாயமாகப் பார்த்தால், வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சேர வேண்டியது.

அந்தக் காணொளியைப் பகிர்ந்து "சத்தியமான வார்த்தை" என்று எழுதியவர்களில் என் நெருங்கிய தோழி ஒருத்தியும் உண்டு. லிஃப்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நான் மாத்திரை எடுத்த நாள்களில் "போட்டியா?" என்று தினமும் கேட்டவள். இதைப் படிப்பாய் என்று தெரியும். இங்கே கீழே வந்து எதையும் விளக்காதே. ஃபோன் பண்ணு, நன்றாகச் சண்டை போடலாம்.