பழைய கணினியை அதற்குள் தூக்கிப்போட வேண்டாம்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, எல்லோரும் புதுக் கணினி வாங்குங்கள் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் ஆத்தங்குடியில் சித்தப்பாவின் டைல்ஸ் பட்டறைக்குப் போயிருந்தேன். பில் போடும் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று வந்ததாம். புதுசுக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி (tpm.msc) என்று தட்டினேன். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்புச் சிப் இல்லை என்றது. உள்ளே ஒன்பதாம் தலைமுறை இன்டெல் செயலி, இல்லாமல் இருக்காதே! கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால், டிபிஎம் வேலையைச் செய்யும் பிடிடி (PTT) என்ற இன்டெல் வசதி அணைந்து கிடந்தது. பில் கோப்புகளுக்கு ஒரு காப்பு எடுத்துவிட்டு பிடிடியை இயக்கி, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் போட்டதும் தகுதி வந்துவிட்டது. சிமெண்ட் தூசி அப்பியிருந்த விசிறியையும் அப்படியே துடைத்துவிட்டேன். செலவு ஒரு பைசா இல்லை.

இன்டெல் ஏழாம் தலைமுறை, அதற்கும் முந்தையது என்றால் பெரும்பாலும் இந்த வழி கிடையாது. மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொண்டு விண்டோஸ் 10-ஐயே 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அப்புறம் விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. காரைக்குடி வீட்டில் 4 ஜிபி ரேம் உள்ள என் பழைய மடிக்கணினியில் அதுதான் ஓடுகிறது, இந்தக் கருத்தையும் அதில்தான் தட்டுகிறேன். டாலி மாதிரி கணக்கு மென்பொருள் மட்டும் அதில் நேரடியாக ஓடாது. கடை வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.