மணல் எங்க காலடியில, காந்தம் சீனாவுல

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலை அருமண்ணுக்காக (காந்தம் செய்ய உதவுற அரிய உலோகங்கள், rare earths) தோண்டலாமான்னு நேத்து ராத்திரி நடந்த டிவி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. "நாலு மீனவ கிராமத்துக்காக நாடு சீனாகிட்ட கையேந்தணுமா?"ன்னு கேட்டாரே ஒருத்தர், எனக்குத் தூக்கமே வரல. நான் கொல்லங்கோட்டுக்காரன். நீரோடியைத் தாண்டினா கேரளா. கிள்ளியூர் தாலுகாவுல மணல் அள்ள மத்திய அரசோட IREL கம்பெனி 1,144 ஹெக்டேர் கேட்குதே, அதுல எங்க கரையும் உண்டு.

2025 ஏப்ரல்ல ஏழு அருமண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம்ம கார் கம்பெனிகள் பதறினது நிஜம்தான். எண்ணெய் வெச்சிருந்தவன் கையில இருந்த பிடி இப்போ காந்தம் செய்யறவன் கைக்குப் போயிருக்கு. ஆனா அந்த ஏழுல மின்சார வண்டி மோட்டார் காந்தத்துக்கு முக்கியமானது டிஸ்புரோசியமும் டெர்பியமும். நம்ம கரை மணல்ல அருமண் இருக்கிற தாது மோனசைட்; அதுல அது ரெண்டும் ரொம்பச் சொற்பம். எங்க கரையை முழுசாத் தோண்டினாலும் அந்தக் குறை தீராது. அதை ஏன் அங்க யாரும் சொல்லல?

சின்ன வயசுல பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை மணல்ல உருட்டுவோம். கருமணல் முடி மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். மணல் அன்னைக்கும் இருந்தது, இன்னைக்கும் இருக்கு. போதாதது அதுல இருக்கிற மத்த அருமண்ணைப் பிரிச்சுக் காந்தமாக்குற ஆலை. உலகத்துல அருமண் காந்தம் பத்துல ஒம்பது சீனாவுலதான் உருவாகுது. நாம மணல் இல்லாம நிக்கல, போதுமான ஆலை இல்லாம நிக்கிறோம்.

2010ல ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் ரோந்துக் கப்பல் மேல மோதின தகராறுல, ஜப்பானுக்குப் போக வேண்டிய அருமண் நின்னுபோச்சு. ஜப்பான் தன் மீனவனைத் துரோகின்னு சொல்லல. ஆஸ்திரேலியச் சுரங்கத்துல பணம் போட்டுச்சு, அருமண் குறைவா செலவாகிற தொழில்நுட்பம் தேடுச்சு.

"அப்போ உனக்கு மின்சார வண்டி வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். கடல் சூடாகி மீன் விலகிப்போறதை உங்களுக்கு முன்னாடி பார்த்தவங்க நாங்க.

"மோனசைட் மணலோட கதிர்வீச்சால புற்றுநோய் கூடலன்னு, அதே மணல் இருக்கிற கேரளாவோட கருநாகப்பள்ளியில நடந்த ஆய்வு சொல்லுதே"ன்னும் வருவீங்க. படிச்சேன், சரி. ஆனா எங்க சித்தி 46 வயசுல புற்றுநோய்லதான் போனாங்க. எதனாலன்னு கடைசி வரைக்கும் எங்களுக்கு யாரும் சொல்லல. அந்த வீட்டுல உட்கார்ந்து ஆய்வு முடிவை வாசிச்சுக் காட்ட என்னால முடியாது.

2004 சுனாமி அன்னைக்குக் குளச்சல் பக்கம் போய்ப் பிணம் தூக்கினவர் எங்க அப்பா. கரையில மணல்மேடு இருக்கணும்னு அவர் சொல்றது அடம் இல்ல, பயம்.

அந்த மேசையில ஆறு பேர் இருந்தாங்க. ஒரு மணி நேரம் எங்க மணலைப் பத்திப் பேசினாங்க. எங்க கரையில இருந்து ஒருத்தரைக்கூட கூப்பிடல.