ஹோவர்ட் சாவில் கிம்முக்கும் பங்குண்டு
'பெட்டர் கால் சால்' என்ற அமெரிக்கத் தொடரில் வக்கீல் ஹோவர்டைப் போதைக் கும்பல்காரன் லாலோ சுட்டுக் கொல்வதைப் பற்றிய இந்தக் கட்டுரை, "ரசிகர்களின் கோபமெல்லாம் லாலோ மேல்தான்" என்று சொல்கிறது. 2022-ல் அதன் ஆறாவது சீசன் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்தது, ஹோவர்டுக்குப் போதைப் பழக்கம் என்று பொய்யாகக் கதை கட்டிய வக்கீல் கிம் மேல். லாலோ ஒரே குண்டில் முடித்துவிட்டான். அலுவலக நினைவுக் கூட்டத்தில், கணவருக்குப் போதைப் பழக்கம் என்பதை நம்பாமல் கேள்வி மேல் கேள்வி கேட்கும் ஹோவர்டின் மனைவி ஷெரிலிடம், ராத்திரி ஆபீஸ் மேசையில் அவர் எதையோ உறிஞ்சியதைப் பார்த்தேன் என்று கூசாமல் புளுகுகிறாளே, அதை என்ன சொல்வது? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'அவளுக்கு வேறு வழியில்லை' என்கிறார். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே! எங்கள் ஆபீஸில் கையாடல் சந்தேகத்தில் வெளியே அனுப்பப்பட்டவர் இறந்தபோதும், துக்கத்துக்குப் போன இடத்திலேயே 'எனக்கு அப்பவே தெரியும்' என்று கிசுகிசுத்தார்கள். இத்தனைக்கும் எதுவும் நிரூபணமாகவில்லை. கிம் பிறகு உண்மையை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் எழுதி ஷெரிலிடம் கொடுத்தது பெரிய விஷயம்தான், ஆனால் கதைப்படி அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது.